இரண்டு புள்ளி வேகம்

கார்சாம்பின் வேகம் 102. போக்கிமான் போட்டி ஆட்டத்தில் ஊறிப்போன இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, இந்த ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது தேநீர் ஆறியிருக்கும், பேச்சு ஆறியிருக்காது. 99ஆக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், பனி அடியைத் தாங்குமா, மணற்புயல் வீசாவிட்டால் இதே மதிப்பு உண்டா என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கேள்விகள் முளைத்துக்கொண்டே போகும். சுறாவின் தலையும் டிராகனின் உடம்பும் கொண்ட ஒரு கற்பனை உயிரிக்காக வளர்ந்த மனிதர்கள் இப்படி மல்லுக்கு நிற்பது வெளியே இருப்பவருக்கு வியப்பாக இருக்கும். சற்று நேரம் உட்கார்ந்து காது கொடுத்தால், அந்த வாதத்துக்கு ஓர் இலக்கணம் இருப்பது புரியும்.

இந்த ஆட்டம் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ‘சிவப்பு’, ‘பச்சை’ என்ற இரண்டு பதிப்புகளாகக் கடைக்கு வந்தது. டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் சிறுவனாகப் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்த மகிழ்ச்சியைக் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்குள் கொண்டுவர நினைத்தார். அன்று 151 உயிரிகள் இருந்தன. இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இப்போதைய ஆட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் உயிர், தாக்கு, தற்காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு அடிப்படை எண்கள் உண்டு. நெருப்பு, நீர், புல், மின்சாரம் என்று போகும் 18 வகைகளில் ஒன்றோ இரண்டோ அதனுடையது. எத்தனை அடிகளைக் கற்றிருந்தாலும் களத்துக்கு நான்கைத்தான் எடுத்துப்போக முடியும். மூலப்பொருள் இவ்வளவுதான்.

புதிதாக வருபவர் முதலில் ஆறு எண்களையும் கூட்டிப் பார்ப்பார். கூட்டிப் பார்த்தால் ஸ்லேக்கிங் என்ற பெருத்த குரங்குக்கு 670 வருகிறது. நிலத்தையும் கடலையும் ஆளும் கிரௌடன், கயோகர் என்ற இரு பேருயிர்களுக்கும் அதே 670தான். ஆனால் ஸ்லேக்கிங்கின் பிறவிக் குணம் சோம்பல்: ஒரு சுற்று அடித்தால் அடுத்த சுற்று சும்மா கிடக்கும். எதிரி அந்தச் சும்மா கிடக்கும் சுற்றில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இன்னொரு கோடியில் ஷெடிஞ்சா. அதன் உயிர் எண் வெறும் 1. ஆனால் தன் வகைக்குப் பகையான அடி தவிர வேறெந்த நேரடி அடியும் அதைத் தொடாது. கூட்டல் கணக்கு இந்த இரண்டு இடங்களில் உடைந்துபோன பிறகுதான் உண்மையான விவாதம் ஆரம்பமாகிறது.

கார்சாம்புக்கு வருவோம். 2006இல் ‘டைமண்ட்’, ‘பேர்ல்’ பதிப்புகளோடு வந்த நான்காம் தலைமுறையின் பிள்ளை அது. அந்தக் காலத்தின் களத்தை நினைத்துப் பார்த்தால்தான் 102இன் அருமை தெரியும். ஜிராச்சி, செலபி, ஜாப்டாஸ், ஸேலமன்ஸ், சாரிசார்டு என்று ஒரு பெருங்கூட்டம் சரியாக 100 என்ற வேகத்தில் நின்றது. ஒரே வேகம் கொண்ட இருவர் மோதினால் யார் முதலில் அடிப்பது என்பதை ஆட்டம் பூவா தலையா போட்டு முடிவு செய்யும். கார்சாம்ப் அந்தக் கூட்டத்துக்கு இரண்டே புள்ளி மேலே வந்து நின்றது. நூறாவது நிலையில், முழுப் பயிற்சியும் வேகத்துக்கு உகந்த சுபாவமும் கொடுத்தால் அவர்கள் வேகம் 328. இதன் வேகம் 333. ஐந்து புள்ளி அதிகமோ ஐம்பது அதிகமோ, முந்தினால் முந்தியதுதான். அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு நூலிழையில் பின்தங்கியது.

வேகம் மட்டும் இருந்து பயனில்லை, முந்திக்கொண்டு அடிக்கும் அடி உறைக்க வேண்டும். அதன் தாக்கு எண் 130. நிலம், டிராகன் என்ற இரண்டு வகைகளும் அதன் உடம்பிலேயே இருப்பதால் அந்த அடிகள் ஒன்றரை மடங்காக விழும். அன்றைக்கு டிராகன் அடியைத் தாங்கும் வகை எஃகு ஒன்றுதான். எஃகுக்கோ நில அடி ஆகாது. தரையில் படாமல் மிதக்கும் எஃகு உயிரிகளான ஸ்கார்மரியும் பிரான்சாங்கும் இரண்டு அடிக்கும் தப்பலாம் என்று வந்தால், மூன்றாவதாக ஒரு நெருப்பு அடி காத்திருக்கும். வாள் நடனம் ஒன்றை ஒரு சுற்று ஆடிவிட்டால் தாக்கு இரட்டிக்கும். பனி அடி நான்கு மடங்காக விழுவது அதன் பெரிய பலவீனம். அதற்கும் யாச்சே என்ற ஒரு கனியைக் கையில் கொடுத்துவிட்டால் ஒருமுறை அந்த அடி பாதியாகும். பிழைத்த கார்சாம்ப் திருப்பி அடிக்கும்போது எதிரில் நின்றது பெரும்பாலும் பிழைக்காது.

இத்தனைக்கும் மேல் மணற்புயல். புயல் வீசும்போது அதன் மேல் விடும் அடிகளில் ஐந்தில் ஒன்று குறி தவறும். ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் சமூகம் நான்காம் தலைமுறையில் கார்சாம்பைப் பொதுக் களத்திலிருந்து விலக்கி, உபர்ஸ் என்ற அசுரர் வரிசைக்கு அனுப்பியது. அந்த முடிவைப் பற்றிப் பேசும்போது பழைய ஆட்டக்காரர்கள் ‘வலு’ என்ற சொல்லைக் குறைவாகவே பயன்படுத்துவார்கள். ‘தப்பாகக் கணித்தால் மீள முடியாது’ என்பார்கள். ஓர் உயிரியின் வலுவை எதிராளிக்கு எத்தனை பிழை மிச்சம் வைக்கிறது என்பதைக் கொண்டு அளக்கும் இந்த வழக்கம், இந்த விவாதம் கண்டெடுத்த அருமையான அளவுகோல்.

கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. 2013இல் வந்த ஆறாம் தலைமுறையில் கார்சாம்புக்கு மெகா வடிவம் கிடைத்தது. தாக்கு 130இலிருந்து 170 ஆனது, தற்காப்புகளும் ஏறின. வேகம் மட்டும் 92 ஆகக் குறைந்தது. எந்த நூறு வேகக் கூட்டத்தை முந்திப் பெயர் வாங்கியதோ அதற்கே பின்னால் போய்விட்டது. மொத்த எண்ணிக்கையில் நூறு புள்ளி கூடுதலாக இருந்தும், பலர் பழைய உடம்பையே விரும்பினார்கள். மெகாவை எடுத்துக்கொண்டவர்களும் மணற்புயலில் கூடுதலாக விழும் அடிக்காக எடுத்தார்கள். எண் ஏறினால் மதிப்பு ஏறும் என்று நம்புகிறவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த வாதங்களில் தேர்ந்தவரைப் பேச்சிலேயே கண்டுகொள்ளலாம். ‘இது அதைக் கொன்றுவிடும்’ என்று அவர் சொல்ல மாட்டார். எந்த அடி, எவ்வளவு பயிற்சி, எதிரி கையில் என்ன பொருள், எத்தனை உருட்டில் எத்தனை என்று சொல்வார். ஆட்டம் ஒவ்வொரு அடியின் கடுமையையும் 85 முதல் 100 விழுக்காடு வரை பதினாறு படிகளில் ஒன்றாக உருட்டிப் போடுகிறது. பதினாறில் ஒன்றில் மட்டும் எதிரி சாகும் என்றால், அதை நம்பி ஆட்டத்தைப் பணயம் வைக்கலாமா? பதினைந்தில் சாகும் என்றால், பிழைக்கக்கூடிய அந்த ஒன்றுக்காக வேறு வழி தேட வேண்டுமா? பயிற்சிப் புள்ளிகளை மொத்தம் 510 வரை, ஓர் எண்ணுக்கு 252 வரை பிரித்துக்கொடுக்கலாம் என்பது விதி. குறிப்பிட்ட ஓர் எதிரியின் குறிப்பிட்ட ஓர் அடியைப் பதினாறு உருட்டிலும் தாங்கும் அளவுக்கு மட்டும் தற்காப்பில் போட்டு, மிச்சத்தை வேகத்தில் வைக்கும் கணக்குக்காக ஆட்டக்காரர்கள் இரவெல்லாம் விழித்திருப்பதுண்டு. பொற்கொல்லர் குன்றிமணி எடையில் பொன் பார்ப்பதற்கு ஒப்பான வேலை.

களம் மாறினால் தீர்ப்பும் மாறும். சாரிசார்டை எடுத்துக்கொண்டால், முதல் பதிப்பின் அட்டையில் சிறகு விரித்த நாளிலிருந்து மக்கள் கொண்டாடும் உயிரி அது. நான்காம் தலைமுறையில் ஸ்டெல்த் ராக் என்ற ஒரு வித்தை வந்தது. எதிரியின் பக்கம் கூரிய கற்களை மிதக்கவிட்டால், அங்கே இறங்கும் ஒவ்வொன்றையும் அவை குத்தும். சாதாரண உயிரிக்கு எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். நெருப்பும் பறவையுமான சாரிசார்டுக்குப் பாறை நான்கு மடங்கு பகை, ஆகவே காலை வைத்ததுமே பாதி உயிர் போய்விடும். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் அதன் மதிப்பு சரிந்தது. இருவருக்கு இருவர் மோதும் உலகப் போட்டிக் களத்தில் நிலைமை வேறு. ஆறில் நான்கை மட்டும் இறக்கி, சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும் அந்த ஆட்டத்தில் கல் விதைக்க யாருக்கும் நேரமில்லை. அங்கே மெகா சாரிசார்டு வெயிலைக் கொளுத்திக்கொண்டு பெருமையோடு நின்றது.

இருவருக்கு இருவர் களம் என்றதும் பச்சிரிசுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகப் போட்டியின் முதன்மைப் பிரிவில் தென் கொரியாவின் சே ஜுன் பார்க் வென்றார். அவர் அணியில் இந்த மின் அணில் இருந்தது. ஆறு எண்களும் சேர்ந்து 405, தாக்கு 45. பார்த்தவர்கள் திகைத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு கட்சிகள் உண்டு. பச்சிரிசு மறைந்து கிடந்த மாணிக்கம் என்பது ஒரு கட்சி. நல்ல ஆட்டக்காரர் கையில் எதுவும் வெல்லும் என்பது மறு கட்சி. இரண்டுமே அந்த அணியைச் சரியாகப் பார்க்கவில்லை.

பார்க்கின் அணியில் கயராடோஸ் இருந்தது. நீரும் பறவையுமான அதற்கு மின்னடி நான்கு மடங்காக விழும். டாலன்ஃபிளேம் என்ற நெருப்புப் பறவைக்கும் மின்னடி ஆகாது. பக்கத்தில் நிற்கும் தோழனுக்கு வரும் அடியைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை பச்சிரிசுவுக்குத் தெரியும். அதன் தனிக்குணமோ மின்னடியை விழுங்கி உயிராக மாற்றிக்கொள்வது. எதிரி கயராடோஸைப் பார்த்து மின்னலை விட்டால், அது அணிலுக்கு ஆகாரமாகும். அதே வேலைக்கு வேறு ஆள் கிடையாதா என்று கேட்கலாம். அமூங்கஸ் என்ற காளான் உண்டு, ஆனால் அது தூவும் பொடி புல் வகை உயிரிகளிடம் பலிக்காது. டோகெகிஸ் உண்டு, ஆனால் அதுவே பறவை, மின்னலுக்குத் தானே பலியாகும். அந்த ஆண்டு எங்கும் பறந்துகொண்டிருந்த டாலன்ஃபிளேமின் சிறகடியைப் பச்சிரிசு பாதியாகத் தாங்கியது. தாக்கு 45தானே என்றால், சூப்பர் ஃபாங் என்ற கடி எதிரியின் மிச்ச உயிரில் சரிபாதியைப் பறிக்கும். அதற்குத் தாக்கு எண் தேவையே இல்லை. கன்னத்தோடு கன்னம் உரசும் நஸிலோ பட்டவர்களை மரத்துப்போகச் செய்யும். பலவீனமான எண்ணைத் தொடவே தொடாத அடிகளாகப் பொறுக்கியெடுத்திருந்தார் பார்க். அந்த ஆண்டில் அனுமதிக்கப்பட்ட உயிரிகளின் பட்டியலை ஒன்றுவிடாமல் படித்த ஒருவருக்குத்தான் இந்தத் தேர்வு அகப்படும்.

பின்னாளில் இன்சினரோர் வந்து இதையே வேறு விதமாகக் காட்டியது. அது ஒரு மல்யுத்தப் புலி, வேகம் வெறும் 60. களத்தில் கால் வைத்ததும் எதிரிகள் இருவரின் தாக்கும் மூன்றில் இரண்டாகக் குறையும். பிறகு ஒரு வசைச்சொல்லை வீசி அவர்களில் ஒருவரை மேலும் தளர்த்திவிட்டுத் தோழனுக்கு இடம்விட்டு வெளியேறும். மெதுவானது என்பதால் எதிரிகள் அடித்து முடித்த பிறகே அது வெளியேறுகிறது. ஆகவே உள்ளே வரும் தோழன் ஒரு கீறலும் படாமல் வந்து நிற்கும். கார்சாம்புக்கு இரண்டு புள்ளி வேகம் வரமானது போல இதற்கு மந்தம் வரமானது.

இவற்றையெல்லாம் எண்களால் தீர்த்துவிட முயற்சி நடக்காமல் இல்லை. ஸ்மோகனின் வரிசைகள் பயன்பாட்டுக் கணக்கில் நிற்பவை. ஓர் உயிரியின் பயன்பாடு 4.52 விழுக்காட்டைத் தாண்டினால் அது முதல் வரிசை. பதினைந்து ஆட்டங்களில் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதே அந்த எண்ணின் பொருள். ஆனால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்றுதான் அது சொல்லும், ஏன் எடுத்தார்கள் என்று சொல்லாது. எல்லை மீறிய ஒன்றை விலக்குவதா என்று முடிவெடுக்க வாக்கெடுப்பு வைக்கிறார்கள். அதில் வாக்களிக்க, களத்தில் ஆடி ஒரு தகுதியை எட்டியிருக்க வேண்டும். ஆடிப் பார்த்தவர் மட்டுமே தீர்ப்புச் சொல்லலாம் என்ற இந்த ஏற்பாடு மிகவும் மதிக்கத்தக்கது.

எல்லாவற்றையும் விட வியப்பு, 1996இன் அந்த முதல் ஆட்டத்தைப் பற்றிய வாதம் இன்னும் ஓயாதது. அதில் இனி ஒரு விதியும் மாறப்போவதில்லை. அந்தத் தலைமுறையில் மரண அடி விழும் வாய்ப்பு வேகத்தைப் பொறுத்தது. அடிப்படை வேகத்தை 512ஆல் வகுத்தால் வாய்ப்பு கிடைத்துவிடும். டாரஸ் என்ற காளையின் வேகம் 110. ஐந்துக்கு ஓர் அடி மரண அடி. அதன் ஹைப்பர் பீம் எதிரியைச் சாய்த்துவிட்டால் இளைப்பாற வேண்டியதும் இல்லை. ஆகவே டாரஸ், ஸ்னார்லாக்ஸ், சான்சி மூன்றும் பெரும்பாலும் எல்லா அணியிலும் இருக்கும். நான்காவதாகப் பல அணிகளில் எக்செகியூட்டர். மிச்சம் இரண்டு இடங்களுக்குத்தான் இத்தனை ஆண்டுச் சண்டை. நீரும் பனியும் மின்னலும் ஒன்றாகக் கற்கக்கூடிய ஸ்டார்மியா, சிறப்பு எண் 135 கொண்ட அலகஸாமா? ஸ்டார்மிக்கு வேகம் 115. அலகஸாமுக்கு 120. இருவரும் நேருக்கு நேர் நின்றால் எதிரியை முதலில் மரத்துப்போகச் செய்வது அலகஸாம்தான் என்று ஒருவர் தொடங்குவார். பாறை உடம்போடு ரைடான் இறங்கினால் உன் அலகஸாம் என்ன செய்யும் என்று மற்றவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்.