வீட்டின் மேல் போட்ட பழி

திருவனந்தபுரத்தில் டிசம்பர் திரைப்பட விழாவின்போது டாகூர் தியேட்டர் வாசலில் வரிசையில் நிற்கும் நேரம், உள்ளே படம் பார்க்கும் நேரத்துக்குக் குறையாது. படங்களைப் பற்றிய தீர்ப்புகள் பலவும் அந்த வரிசையில்தான் பிறக்கின்றன. மலையாளத் திகில் படங்களைப் பற்றி நான் குறைப்பட்டுக்கொண்டபோது, எனக்கு முன்னால் நின்ற இளைஞர் திரும்பி, “பேய்னு பாக்காதீங்க சார், அது துக்கம்” என்றார். பேய் வெறும் உருவகமாம். அவர் நல்ல ரசிகர், படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவர். அவரிடம் வரிசையில் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன வாக்கியம் அவருடையது மட்டும் அல்ல. 2014-இல் ஜெனிஃபர் கென்ட்டின் ‘தி பாபடூக்’, 2018-இல் ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’ என்று வெளிநாட்டிலிருந்து படங்கள் வந்தபோதே மதிப்புரைகளில் ஊறிப்போன வாக்கியம். மலையாளத்தில் அதற்குக் குடியிருக்க இடம் கொடுத்தது ராகுல் சதாசிவனின் ‘பூதகாலம்’. 2022 ஜனவரியில் சோனி லிவ்வில் வெளியானது. அந்த ஆண்டு மே மாதமே ரேவதிக்குக் கேரள மாநிலத்தின் சிறந்த நடிகை விருதைத் தேடித் தந்தது. அதன் பின் அதே இயக்குநரின் ‘பிரமயுகம்’, 2025 அக்டோபர் கடைசியில் ‘டியஸ் ஈரே’. மம்மூட்டிக்கும் ‘பிரமயுகம்’ விருது வாங்கித் தந்துவிட்டது. துயரத்தில் இருக்கும் வீடு, தன் கண்ணையே நம்ப முடியாத ஒருவர், இருட்டில் ஏதோ ஓர் அசைவு. இது இன்று மதிப்புள்ள வாய்பாடு.

‘பூதகாலம்’ முதல் ஒரு மணி நேரம் வரை அபாரமான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஷாவாக நடித்த ரேவதியின் விருதும் தகும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் ஆஷா. பார்மசி படித்துவிட்டு வேலையில்லாமல், வெளியூருக்கும் போக விடப்படாமல் வீட்டுக்குள் வேகும் மகன் வினு. படுத்த படுக்கையாய்க் கிடந்து இறந்துபோகும் பாட்டி. சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசாமல் இருக்கும் காட்சிகளில் வினுவாக நடிக்கும் ஷேன் நிகமின் முகம் நமக்குத் தெரிந்த பல வீடுகளின் முகம். பேயைக் காட்டாமலே அச்சத்தை வளர்க்கிற பொறுமையும் இயக்குநருக்கு இருக்கிறது. தலைப்பும் அழகு. மலையாள இலக்கணத்தில் பூதகாலம் என்றால் நாம் இறந்தகாலம் என்று சொல்வது. பூதமும் இறப்பும் இரண்டு மொழிகளின் வினைச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கின்றன.

என் வழக்கு அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது. வினுவுக்குச் சத்தங்கள் கேட்கின்றன. குடியினாலா, துக்கத்தினாலா, தாயிடமிருந்து வந்த நோயா என்று படம் நம்மைக் கேட்க வைக்கிறது. உறவினர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆலோசகர் வருகிறார். அவர் அந்தக் குடும்பத்தின் கதையை விட்டுவிட்டு, அந்த வாடகை வீட்டில் முன்னால் குடியிருந்தவர்களின் கதையைத் தேடிப் போகிறார். அந்த இடத்தில் படம் கைமாறிவிடுகிறது. தாயும் மகனும் ஒருவரையொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்ற கேள்வி போய், இந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்ற கேள்வி வந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் வீடு நிஜமாகவே இருவரையும் தாக்குகிறது. வினு பார்த்ததெல்லாம் உண்மை. அவர்கள் கைகோத்து வெளியேறுகிறார்கள்.

பேய் துக்கத்தின் உருவகம் என்றால் அதற்கு எதற்குப் பூர்வீகம்? இந்தக் குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்த பேய்க்கு இந்தக் குடும்பத்தின் முகம்தானே இருக்க வேண்டும்? வருவது யாரோ முன்பின் தெரியாத குடித்தனக்காரரின் பேய். பாட்டி இறக்காமல் இருந்திருந்தாலும், ஆஷாவுக்கு நோயே இல்லாவிட்டாலும், வினுவுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தாலும், அந்த முகவரியில் யார் குடிவந்தாலும் அது வந்திருக்கும். அப்படியானால் முதல் ஒரு மணி நேரம் நாம் பார்த்த மனச்சோர்வும் மௌனமும் எதற்கு? நம்மைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தில் வைக்க. ஒரு தாயின் நோய் அங்கே திரைக்கதையின் பூட்டாகப் பயன்பட்டது. திறந்ததும் பூட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இதை நான் பொறுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. கேரளத்தில் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பம் வந்தால் ஜோசியரை வரவழைத்துப் பிரசன்னம் வைப்பார்கள். சோழிகளை நகர்த்திவிட்டு அவர் சொல்வார்: இந்த மனையில் தோஷம் இருக்கிறது, முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஏதோ ஒன்று. உடனே வீட்டில் எல்லார் முகத்திலும் ஓர் ஆறுதல். குடித்துவிட்டு அடித்த அப்பாவைப் பற்றி இனிப் பேச வேண்டாம். மருந்து வாங்கித் தராத மூத்த மகனைப் பற்றிப் பேச வேண்டாம். கரமனையில் என் அத்தை, மாமா இறந்த பிறகு மாடிப்படியில் அவர் காலடி கேட்பதாகச் சொன்னார். தினமும் நாலு மணிக்கு இரண்டு டம்ளர் காபி கலந்தார். உறவுக்காரர்கள் கூடிப் பேசி, வீட்டில்தான் கோளாறு, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அத்தையிடம் உட்கார்ந்து, மாமாவின் கடைசி மாதங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

‘பூதகாலம்’ முடிவில் சொல்வது அந்த உறவுக்காரர்கள் சொன்னதுதான். வீடு குற்றவாளி ஆனதும் குடும்பத்துக்கு விடுதலை. அன்பின் பெயரால் மகனைக் கட்டிப்போட்ட தாயும், தாயின் நோயைத் தன் தோல்விக்குச் சாக்காக்கிய மகனும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பொதுவான எதிரி ஒருவன் வந்துவிட்டான், ஒன்று சேர்ந்தாகிவிட்டது. ‘ஹெரிடிட்டரி’யும் இதே குற்றத்தைத்தான் செய்தது. மகளை இழந்த தாயின் வெறியை உலுக்கி உலுக்கிக் காட்டிவிட்டு, எல்லாம் பாட்டியின் மந்திரவாதக் கூட்டத்தின் சதி என்று கணக்கை முடித்தது. ‘பாபடூக்’ பரவாயில்லை. அதில் அரக்கன் போய்விடவில்லை, நிலவறையிலேயே இருக்கிறான். தாய் அவனுக்குப் புழு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கணவனை இழந்தவள் வாழ்நாள் முழுதும் அதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பது அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

‘நோயாளியை யாரும் நம்புவதில்லை, இந்தப் படங்கள் நம்புகின்றன, அது முற்போக்குத்தானே?’ என்று ஒரு தற்காப்பு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படம் எப்போது நம்புகிறது? அவர் பார்த்தது நிஜம் என்று நிரூபணம் ஆன பிறகு. நிரூபணம் ஆகாமல் போயிருந்தால்? மனநோய் உள்ளவருக்கு மரியாதை கிடைக்க அவர் பேயைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்றால், அது மரியாதையே அல்ல. பேரூர்க்கடை அருகே ஊளம்பாறையில் 1870-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்றும் இந்த நகரத்தில் ‘ஊளம்பாறை’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல். அங்கே போய் வந்தவர் ஒருவரும் பேயைச் சரியாகப் பார்த்தவர் அல்ல. இல்லாததைத்தான் பார்த்தார், இல்லாததைத்தான் கேட்டார். அவருக்கு இந்தப் படங்களில் இடம் இல்லை.

இடம் கொடுத்த படங்கள் மலையாளத்தில் முன்பே வந்திருக்கின்றன. 1987 என்ற ஒரே ஆண்டில் இரண்டு. லோகிததாஸ் எழுதி சிபி மலையில் இயக்கிய ‘தனியாவர்த்தனம்’ ஒன்று. பரம்பரையில் தலைமுறைக்கு ஓர் ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று நம்பும் குடும்பம். சங்கிலியில் கிடந்த மாமா இறந்ததும் ஊரின் பார்வை பாலன் மாஷ் மேல் திரும்புகிறது. ஓர் இரவு கனவில் அலறியது போதும். மாணவர்கள், சக ஆசிரியர்கள், சொந்த மனைவி வீட்டார் என்று எல்லாரும் அவருடைய ஒவ்வோர் அசைவிலும் பைத்தியத்தைக் காண்கிறார்கள். அந்தப் படத்தில் நம்ப முடியாத கண் நோயாளியுடையது அல்ல, ஊருடையது. அதைவிடப் பெரிய திகிலை நான் இன்று வரை பார்க்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பாலன் மாஷாக நடித்த மம்மூட்டியின் முகத்தை அப்படி வெறுமையாக்கியது எந்த ஆவியும் அல்ல.

இன்னொன்று அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘அனந்தரம்’. அஜயன் தன் கதையைத் தானே சொல்கிறான், பிறகு அதே வாழ்க்கையை வேறு விதமாக மறுபடி சொல்கிறான். அண்ணி சுமாவும் அவன் கண்ட நளினியும் ஷோபனாவின் ஒரே முகத்தில். எது நடந்தது என்று அடூர் கடைசி வரை தீர்ப்பு சொல்லவில்லை. படித்துறையில் படிகளை ஒற்றைப்படையாக எண்ணிக் குதிக்கும் சிறுவன், அடுத்து இரட்டைப்படையாக எண்ணுகிறான். விடுபட்ட படிகள் எப்போதும் இருக்கும். இதே நகரத்தில் வாழ்ந்து தமிழில் எழுதிய நகுலனைப் படித்தவர்களுக்கு அந்த மனநிலை புதிதல்ல. அவர் எழுத்தில் வரும் சுசீலா இருந்தாளா இல்லையா என்று கேட்டு அவரைப் படிக்கிறவர், வாசிப்பைத் தொடங்கவே இல்லை.

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) பற்றிக் கேட்பார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் நாகவல்லியின் ஆட்டம் அல்ல. செவ்வாய் தோஷம் உள்ளவள் என்பதற்காக ஸ்ரீதேவியின் மேல் எல்லாரும் சந்தேகப்படும்போது நாமும் சேர்ந்து சந்தேகப்பட்டோமே, அந்த இடம். நம் கண்ணின் கோணலை அது நமக்கே காட்டிக் கொடுத்தது. மற்றபடி மருத்துவர் சன்னியின் வெற்றியில், நாகவல்லியாகிவிட்ட கங்காவின் தனிமை கரைந்துபோனது என் வருத்தம்.

பேயே இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் கிறிஸ்டோ டோமி ‘உள்ளொழுக்கு’ எடுத்தார். குட்டநாட்டில் வெள்ளம். மகன் இறந்துவிட்டான், புதைக்க நிலம் தண்ணீருக்கடியில். உடல் வீட்டில் காத்திருக்க, மாமியாரும் மருமகளும் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே ஒருவரிடம் ஒருவர் மறைத்ததை வெளியே எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்கு முந்தைய குடித்தனக்காரர் தேவைப்படவில்லை. ஊர்வசியும் பார்வதியும் தப்பித்து ஓட வாசல் இல்லை. செய்ததற்கு அவர்களே பதில் சொல்கிறார்கள்.

ராகுல் சதாசிவன் கைதேர்ந்த இயக்குநர். அவரிடம் பொறுமை இருக்கிறது, நடிகர்களின் முகம் இருக்கிறது, வீட்டுச் சுவர்களை உற்றுப் பார்க்கும் கண் இருக்கிறது. அவருக்கும் அவரைப் பின்பற்றக் காத்திருக்கும் இளையவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த படத்தில் அந்த வீட்டில் முன்பு யாரையும் குடிவைக்காதீர்கள். வரிசையில் நின்ற தம்பிக்கும் சொல்கிறேன்: ‘பூதகாலம்’ படத்தை ஆலோசகர் பழைய கதையைத் தேடிக் கிளம்பும் வரை பாருங்கள். அங்கே நிறுத்திவிட்டு, அன்றிரவே ‘தனியாவர்த்தனம்’ பாருங்கள்.