கேமரா முன் வந்து உட்காராதவர்கள்

2016 டிசம்பரில் 'ஜாமா' இதழில் கூகுள் குழு வெளியிட்ட கட்டுரையைத் திரும்பவும் படித்தேன். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கணினி கண்டுபிடித்துவிடும். பயிற்சிக்கு 1,28,175 படங்கள். அவற்றில் ஒரு பகுதி அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற நம்மூர் மருத்துவமனைகளில் எடுத்தவை. கண் டாக்டர்களுக்கு இணையான துல்லியம். மென்பொருள்காரனாக எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஆனால் அந்தப் படங்கள் எல்லாமே ஏற்கெனவே கேமரா முன் வந்து உட்கார்ந்தவர்களுடையவை.

ஆனைமலையில் இருக்கும் என் சித்தி அப்படி வராதவர். 12 வருஷமா சர்க்கரை. கேட்டால், "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது கண்ணு, எதுக்குப் போறது?" என்பார். இந்த நோய் ஆரம்பத்தில் அப்படித்தான், ஒன்றும் காட்டாது. மங்கல் தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். போன பார்வையை மீட்பதும் கஷ்டம்.

விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்தால் வேறு கணக்கு. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகவே இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து தனியாக பஸ் ஏறி வர முடியாது. கூட வர மகன் தேங்காய் உரிக்கும் வேலையை விட வேண்டும், ஒரு நாள் கூலி போச்சு. "நல்லா இருக்கற கண்ணுக்காக" அதை மகனிடம் கேட்க அவருக்குக் கூச்சம். சித்தப்பாவுக்கு என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள், அது தனிக்கதை.

இதே கருவியைத் தாய்லாந்து கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து, 2020இல் கூகுள் ஆய்வாளர்களே எழுதிய கட்டுரைதான் எனக்கு முக்கியம். 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று கருவி தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் இன்னொரு நாள் நிபுணரைப் பார்க்கப் போக வேண்டும். வீண் அலைச்சல் என்று சில நர்ஸுகளே நோயாளிகளை ஆய்வில் சேர வேண்டாம் என்றார்கள். நோயாளிகளின் கவலை துல்லியம் பற்றியதல்ல. எவ்வளவு நேரமாகும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்பதுதான். ஆனாலும் அந்தக் கட்டுரை கிளினிக் வாசலோடு நின்றுவிடுகிறது. யார் கூட்டிவந்தார்கள், என்ன செலவு என்று வீட்டுப் பக்கம் அது போகவில்லை.

வீடு வரை போவது முடியாத காரியமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த வாசலில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "கண் பார்க்கப் போனா கூட வர ஆள் இருக்காங்களாம்மா?" பதிலைக் குறிக்க ஒரு கட்டம் போதும். அதை நிரல் எழுத எனக்கு அரை நாள்கூட ஆகாது.

அடுத்த மாசம் நானே லீவு போட்டுச் சித்தியைக் கூட்டிப் போகிறேன்.