கோவின் தளமும் கடைசியில் ஒட்டிய தமிழும்

கோவின் தளத்தில் தமிழ் சேர்த்த கதையை இப்போது எழுதுவானேன் என்று கேட்கலாம். ஊசியெல்லாம் போட்டு முடித்து வருடங்கள் ஆச்சு. ஆனால் "முதலில் ஆங்கிலத்தில் விட்டுடுவோம், மொழியெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்" என்ற பேச்சை இன்னும் அடிக்கடி கேட்கிறேன். அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசிப் பணி தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்கள் தாங்களே பதியலாம். ஏப்ரல் 28 மாலை, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பதிவு திறந்தது. 44 வயது வரை உள்ளவர்களுக்கு அப்போது இணையத்தில் பதியாமல் ஊசி கிடையாது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. மே 24-இல், அரசு மையங்களில் நேரில் வந்தும் பதியலாம் என்று தளர்த்தினார்கள். மே 31-இல் உச்ச நீதிமன்றம், கிராமத்து ஆட்கள் இந்தத் தளத்தில் எப்படிப் பதிவார்கள் என்று அரசைக் கேட்டது. ஜூன் முதல் வாரத்தில்தான் இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்று மொழிகள் வந்தன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கே சத்தம் கிளம்பிய பிறகு தமிழும் சேர்ந்தது.

அதாவது, மொழி தெரியாதது ஒரு சுவராக நின்ற வாரங்களில் தளம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் வந்தபோது பக்கத்துக் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். செப்டம்பர் 12 மெகா முகாமுக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு நேராகப் போனவர்களுக்கு இணையதளத்தின் மொழி ஒரு பொருட்டே இல்லை. அன்றைய கோபம் முழுக்கப் பட்டியலில் தமிழ் விடுபட்டது பற்றித்தான். நியாயமான கோபம்தான். ஆனால் பட்டியலில் இருந்த மற்ற மொழிக்காரர்களுக்கும் அது ஜூனில்தானே கிடைத்தது? அதைப் பெரிதாக யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

அவசரத்தில் கட்டிய தளம், அதைக் குறை சொல்லலாமா என்றால், அதே ஆண்டு அக்டோபர் 21-இல் 100 கோடி தவணையைக் கணக்கு வைத்த அமைப்பு அது. லேசான வேலை இல்லை. (டோஸுக்குத் "தவணை" என்று அறிவிப்புகளில் வந்ததே, நாமக்கல் பக்கம் அது லாரிக் கடன் வார்த்தை. "ரெண்டாவது தவணை ஆச்சுங்களா" என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி யோசிக்கணும்.) ஆனால் அவசரம் இதற்குச் சமாதானம் ஆகாது. திரையில் வரும் சொற்களை நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் வைக்கும் வழக்கம் 1990களிலிருந்தே இருக்கிறது. அதை முதல் நாளே செய்தால் பெரிய செலவில்லை. பிறகு செய்தால்தான் ஒவ்வொரு பக்கமாகத் தோண்ட வேண்டும்.

தோண்டினால் என்ன வரும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். இங்கே ஒரு நிறுவனத்தின் லாரி வாடகைச் செயலிக்கு, வெளியாகி ஒரு வருடம் கழித்துத் தமிழ் எழுதிக் கொடுத்தேன். எக்செலில் வரிசையாக ஆங்கிலச் சொற்கள், பக்கத்துக் கட்டம் காலி. எந்தச் சொல் எந்தத் திரையில் வருகிறது என்று ஒரு குறிப்பும் கிடையாது. "லோடு மோர்" என்று ஒரு வரி. லாரிச் செயலிதானே என்று "கூடுதல் பாரம் ஏற்று" என்று எழுதிவிட்டேன். அது பட்டியலில் அடுத்த பத்து வரியைக் காட்டும் பொத்தான். ஓவர்லோடு ஏற்றச் சொல்லி ஓட்டுநருக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்! என் தப்புதான், கேட்டிருக்கணும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஊர்ப் பெயர்கள். ஆங்கிலத்தில் "இன்" என்று ஒரு சொல்லை வைத்து, பக்கத்தில் எந்த ஊரைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். தமிழில் சேலம் என்பது சேலத்தில் ஆகும், நாமக்கல் நாமக்கல்லில், திருச்செங்கோடு திருச்செங்கோட்டில், ஆத்தூர் ஆத்தூரில், சங்ககிரி சங்ககிரியில். ஐந்து ஊரைச் சொல்வதற்குள் நாலைந்து விதமாகச் சொல் மாறுகிறது. வெறுமனே "-இல்" ஒட்டுகிற வார்ப்புருவுக்கு இது எப்படித் தெரியும்?

தீர்வு இல்லாமல் இல்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில், பின்னிஷ் போல வேற்றுமையால் சொல் மாறும் மொழிகளுக்கென்றே இலக்கண விதி எழுத இடம் உண்டு. ஒவ்வொரு வரியும் எங்கே வரும் என்று மொழிபெயர்ப்பாளருக்குக் குறிப்பு எழுதவும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் வாக்கியத்தையே விட்டுவிட்டு "இறக்கும் இடம்: சேலம்" என்று போட்டால் போதும். ஆனால் அதற்குத் திரையை மாற்றணும். மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது எக்செல் கட்டம் மட்டும்தான்.

பொத்தானை "இன்னும் காட்டு" என்று மாற்றிவிட்டார்கள். ஊர்ப் பெயர் மாறவில்லை. எங்கள் தெரு ஓட்டுநர் ஒருவர் போனை நீட்டி, "இதுல சேலம் இல்னு போட்டிருக்குதுங்களே, சேலம் இல்லைன்னா அப்புறம் எங்கீங்க இறக்கறது?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து போன். தெலுங்கும் சேர்க்கணுமாம், ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார்கள். அதே எக்செல்தான் அனுப்பப் போகிறார்கள்.