கரிசலில் ஒரு வங்காள ஆறு

ஆலங்குளத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் கரிசலும்தான். வானம் பார்த்த பூமி. அங்கே உட்கார்ந்து 'நீலகண்டப் பறவையைத் தேடி' படிப்பதற்கு ஒரு தனி ருசி உண்டு. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல், தமிழாக்கியவர் சு. கிருஷ்ணமூர்த்தி. பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர். சோனாலி பாலி ஆற்று மணலில் ஈசம் தர்பூசணிக் கொடிகளுக்குக் காவல் இருக்கிறான். முதல் சில பக்கங்களில் பெயர்கள் நாக்கில் சிக்கும். யாருக்கு யார் உறவு என்று பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். (அவசரக்காரர்கள் இங்கேயே மூடிவிடுவார்கள், பாவம்.) சிக்கு அவிழ்ந்ததும் பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்காளத்தின் ஈரம் கரிசல்காட்டு வாசகர் காலிலும் ஒட்டும். நூலகப் பிரதி கிடைத்தால் இன்னும் விசேஷம்: தடித்த பைண்டிங், முனை மழுங்கிய அட்டை, பழுப்புத் தாளின் சரசரப்பு, யாரோ பென்சிலால் மெல்லக் கோடிட்ட வரி.

குர்ரத்துலைன் ஹைதரின் உருது நாவலான 'அக்னி நதி' இதைவிடப் பொறுமை கேட்கும். கௌதம நீலாம்பர் என்ற பெயர் நூற்றாண்டுகள் தாண்டி வேறு வேறு மனிதர்களாகத் திரும்பி வருகிறது. சௌரியின் தமிழில் அந்த நீண்ட வரலாறு கதையாகவே நகர்கிறது.

தடிமனைப் பார்த்துத் தயங்க வேண்டாம்; நீலகண்டப் பறவையை முதலில் எடுங்கள்.