கௌட் நோயும் மரபணுக்களும்: ஒரு பேராய்வின் நிறையும் குறையும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குக் குறைவில்லை. முடிவுத் தாளில் ‘யூரிக் அமிலம் 7.8’ என்று கண்டால் போதும். “பருப்பை விடு, தக்காளியை விடு” என்று அறிவுரைகள் குவியும். கால் கட்டைவிரல் மூட்டு வீங்கித் துடிக்கும் கௌட் நோய் வந்தேவிட்டது என்று நாமும் அஞ்சுகிறோம். இந்த அச்சம் சரிதானா?

கற்கண்டு விளைவதை எண்ணிப் பாருங்கள். பாகு செறிந்திருந்தால் மட்டும் போதாது; படிகம் பற்றிக்கொள்ள நூலும் வேண்டும். யூரிக் அமிலமும் ஏறக்குறைய அப்படித்தான். உடல் வெப்பநிலையில், 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் அதன் உப்பு படிகமாகக்கூடும். ஆயினும் அளவைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கௌட் வருவதில்லை. அமிலம் மிகுதல் முதற்படி. மூட்டில் படிகம் தோன்றுதல் இரண்டாம் படி. படிகத்தை எதிர்த்து உடலின் காப்பு அணுக்கள் அழற்சியை மூட்டுதல் மூன்றாம் படி. மூன்றும் கூடினால்தான் நோய்.

இப்படிகளில் மரபணுக்களின் பங்கு என்ன? 2024இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வெளியான பேராய்வு இதை ஆராய்ந்தது. 26 இலட்சம் பேரின் மரபுச் செய்திகள் அலசப்பட்டன. அவர்களில் 1,20,295 பேர் கௌட் நோயாளர். நோயுடன் தொடர்புள்ள 377 மரபணு இடங்கள் தெரிய வந்தன. பல இடங்கள் யூரிக் அமிலத்தின் அளவைக் கட்டுப்படுத்துபவை. வேறு சிலவோ அழற்சியை மூட்டும் அமைப்பைச் சார்ந்தவை. கௌட் வெறும் வாய்ச்சபலத்தின் விளைவு என்ற பழியை இந்த ஆய்வு தகர்க்கிறது. இது பெரிய நிறை.

குறைகள் இரண்டு. முதலாவது, நோயுள்ளவர்களை நோயில்லாத பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பொதுமக்களில் பலருக்கு அமிலமே மிகுந்திராது. ஆகவே ஒரு மரபணு எந்தப் படியில் வேலை செய்கிறது என்று இந்த ஒப்பீட்டால் மட்டும் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. அமிலம் மிகுந்தும் நோய் வராதவர்களோடு ஒப்பிட்டால்தான் அது துலங்கும்.

இரண்டாவது குறை நம்மைத் தொடுவது. நோயாளரில் 1,00,661 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். எஞ்சியோர் கிழக்காசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் பிரிவினர். தெற்காசியர் என்றொரு பிரிவே இல்லை! மரபணு வேறுபாடுகள் எல்லா மக்களிடமும் ஒரே விகிதத்தில் காணப்படுவதில்லை. அடுத்த ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் தெருவைத் தேடலாமா?

பத்தாயிரம் இந்தியரின் மரபுத் தொகுதிகளைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. இது நல்ல அடித்தளம். இதன்மேல், அமிலம் மிகுந்த நம்மவருள் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று ஒப்பிடும் ஆய்வு எழ வேண்டும்.

அதுவரை, அன்பு வாசகர்களே, தாளில் உள்ள ஓர் எண்ணையே நோய் என்று கொள்ளாதீர்கள். மூட்டு வீங்கி வலித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்கவும் வேண்டாம்.