ஓநாய்க்குழி என்றொரு ஊர்

கோட்டையும் அரண்மனையும் பார்க்கத்தான் இங்கிலாந்து போவார்கள். எனக்கோ அங்குள்ள கிராமத்துப் பெயர்ப்பலகைகள் மேல் தீராத பித்து!

சஃபோக் மாவட்டத்து வூல்பிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓநாய் பிடிக்க வெட்டிய குழிதான் ஊர்ப்பெயராகிவிட்டது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஊருக்குள் நிற்கும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்: தேவாலயம், ஓநாய், கூடவே இரண்டு பிள்ளைகள். 12ஆம் நூற்றாண்டில் அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் பச்சைத் தோலோடு கிடைத்தார்களாம் அந்தப் பிள்ளைகள்! ஓநாய்கள் அந்த நாட்டை விட்டுப் போய் ஏறக்குறைய 500 வருடம் ஆகிறது. பெயரைக் கேட்டால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

எவர்ஷோல்ட் காட்டுப்பன்றித் தோப்பு. ஓட்டர்பர்ன் நீர்நாய் ஓடை. பெவர்லி, பல்லால் மரம் அறுத்து அணை கட்டும் பீவர்களின் நீரோடை. ஈலிக்கு விலாங்கு மீனால் பெயர் வந்ததென்று 731லேயே பீட் என்ற துறவி எழுதிவைத்துவிட்டார்.

ஒலியை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் இதில் பெரிய சுவாரசியம். வுல்வர்ஹாம்ப்டனில் ஓநாயைத் தேடினால் கிடைக்காது. 985இல் நிலம் பெற்ற வுல்ஃப்ரூன் என்ற சீமாட்டியின் ஊர் அது. பழைய சாசனங்களில் ஒவ்வொரு பெயரும் முதலில் எப்படி எழுதப்பட்டது என்று தேடிப் பிடித்தால்தான் உண்மை தெரியும். ஆங்கில ஊர்ப்பெயர்ச் சங்கம் 1923 முதல் மாவட்டம் மாவட்டமாக அந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தத் தொகுதிகளில் ஒன்றைக் கையில் எடுத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

இதைவிட ஆனந்தம், போனவை திரும்பி வருவது. கிரான்லி, கிரான்புரூக் எனப் பல ஊர்களுக்குப் பெயர் தந்த பெருங்கொக்குகள் சில நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு 1979இல் நார்ஃபோக் சதுப்புகளுக்கு வந்துவிட்டன. டெவனில், நீர்நாயின் பெயர் தாங்கிய ஓட்டர் ஆற்றில் இப்போது பீவர்கள் குடும்பம் நடத்துகின்றன. அவை அங்கேயே இருக்கலாமென்று 2020இல் அரசாங்கமே அனுமதித்துவிட்டது!

அந்தப் பக்கம் போகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். இப்ஸ்விச்சிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் ரயிலில் ஏறி எல்ம்ஸ்வெல்லில் இறங்குங்கள். வூல்பிட் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.