வஸ்ஸாஃபின் பாண்டியரும் இப்னு கல்தூனின் அளவுகோலும்

குலசேகரன்பட்டினத்தின் பெயரை, 1268இல் அரியணையேறி 'கொல்லங்கொண்டான்' எனப் புகழ்பெற்ற மாறவர்மன் குலசேகரனோடு இணைத்துச் சொல்வது மரபு. அவனது ஆட்சியைப் பற்றி எழுதும் நம்மவர் தவறாது அழைக்கும் சான்று, பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய அமைச்சராகிக் காயல் முதலிய மூன்று துறைமுகங்களைப் பெற்ற செய்தி நமக்கு மனப்பாடம். அதே நூலை ஒரு பேரரசு சரிந்ததன் சாட்சியமாக வாசித்தோமா என்பதே இங்கு நம் கேள்வி.

வஸ்ஸாஃப் என்பதே அரசவையைப் புகழ்ந்து வருணிப்பவருக்குரிய பட்டம். மதுரைக் கருவூலத்தில் 1,200 கோடிப் பொன் இருந்ததாக அவர் எழுதுவதை அந்தப் பட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். இளைய மகன் வீரபாண்டியனைத் தந்தை வாரிசாக்கியதால் சினந்த சுந்தரபாண்டியன், ஹிஜ்ரி 709இல் தந்தையைக் கொன்றான் என்கிறார். கதை கச்சிதமானது, ஐயத்தைத் தருவதும் அந்தக் கச்சிதமே. இரு மைந்தரும் தந்தையின் காலத்திலேயே தத்தம் ஆட்சியாண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒரே வேளையில் பலர் முடிசூடி ஆளும் பாண்டிய வழக்கத்திலேயே பூசலுக்கு விதை இருந்தது. 1311இல் மாலிக் காபூர் வந்தபோது அது முற்றியிருந்தது.

வஸ்ஸாஃபின் உண்மையான கொடை குதிரைக் கணக்குதான். ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டியவை 1,400 குதிரைகள். ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். ஆக, ஆண்டுக்கு 3,08,000 தீனார். கடலில் இறந்தவற்றுக்கும் பாண்டியனே விலை கொடுத்தான். வந்து சேர்ந்தவற்றுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் ஊட்டினர்; அவை நலிந்தன; மறு ஆண்டும் வாங்கினர். படைவலிமையைக் கடல்கடந்து விலைக்கு வாங்கிய அரசு அது. விற்றவர்களும் தரகர்களும் நம் முன்னோரின் சுற்றத்தார் என்பதால், இந்தப் பக்கத்தைப் பெருமிதத்தோடு மட்டுமே நாம் வாசித்துவிட்டோம்.

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், அஸபிய்யா எனும் குலப்பிணைப்பு தளரும்போது ஆள்வோர் கூலிப்படையை நாடுவர் என்கிறார். ஓர் அரசின் ஆயுளை மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 ஆண்டுகள், என வகுக்கிறார். பிற்காலப் பாண்டியர் எழுந்த 1216 முதல் 1311 வரை 95 ஆண்டுகள். இந்தப் பொருத்தத்தில் மயங்கிவிடலாகாது. தில்லியிலிருந்து பிரிந்து 1335இல் அமைந்த மதுரை சுல்தானகம் நாற்பது ஆண்டுகளைச் சற்றே கடந்து முடிந்தது. அதன் சுல்தான் கியாசுத்தீன் தம் மைத்துனியின் கணவராயிருந்தும், அவர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதா கண்டித்தே எழுதினார். அந்த நேர்மை நம் கட்டுரைகளில் அரிது.

அளவுகோல் முறிவது வேறிடத்தில். தலைநகர் வீழ்ந்தால் எல்லைப்புறம் எஞ்சியும் பயனில்லை, அரசு உடனே கலையும் என்பது இப்னு கல்தூனின் முடிவு; மதாயின் வீழ்ந்ததும் பாரசீகம் கலைந்ததை அவர் சான்றாக்குகிறார். பாண்டியரோ மதுரையை இழந்தபின் தெற்கே ஒதுங்கினர். 1422இல் முடிசூடிய பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயிலை எழுப்பினான். தாமிரபரணி நாட்டில் அவன் வழியினர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கல்வெட்டுப் பொறித்துக்கொண்டிருந்தனர், பெரும்பாலும் பிறர்க்குத் திறை செலுத்தியபடியே.